ஆதி வெம்மையை அளந்த குளிர்க்கருவிகள்

வெப்பமுடைய பொருள் யாவும் கதிர்வீசும் என்பது பௌதிகவியலின் பழைய முடிபுகளுள் ஒன்று. உலையிலிட்ட இரும்பு செந்நிறமாய் ஒளிர்வதைக் கண் காணும். அடுப்பிலிருந்து இறக்கி வைத்த கலத்தின் வெம்மையைத் தொடாமலே கை உணரும். பனிக்கட்டியுங்கூடக் கதிர்வீசுகின்றது, ஆயின் அதனைக் கண்ணும் அறியாது, கையும் அறியாது. பனிக்கட்டியினும் பன்மடங்கு குளிர்ந்த ஒரு பொருளின் கதிர்வீச்சை அறிய வேண்டுமாயின் என் செய்வது? அதனினும் குளிர்ந்த ஒரு கருவியை ஆக்குவதே வழி. தன் வெம்மையாலே தான் மயங்கும் கருவி பிறிதொன்றின் மெல்லிய வெம்மையை அறிதல் அரிது.

பிரபஞ்சம் முழுவதையும் நிரப்பி நிற்கும் கதிர்வீச்சு ஒன்று உண்டு. வானின் எத்திசையை நோக்கினும் அது வந்துகொண்டே இருக்கின்றது. அதன் வெப்பநிலை தனிப்பூச்சியத்திற்கு மேல் 2.725 பாகை, அஃதாவது, நீர் உறையும் நிலைக்கு 270 பாகைகள் கீழே. பிரபஞ்ச நுண்ணலைப் பின்னணி என்று விஞ்ஞானிகள் அதனை வழங்குவர். இன்றைக்கு ஏறத்தாழ 1,380 கோடி ஆண்டுகளுக்கு முன்னர்ப் பிரபஞ்சம் மிக வெம்மையும் மிக நெருக்கமும் உடையதாய் இருந்தது. அது விரிந்து ஆறி, இலத்திரன்களும் அணுக்கருக்களும் கூடி அணுக்களான காலத்தில், அஃதாவது தொடக்கத்திலிருந்து ஏறத்தாழ 3,80,000 ஆண்டுகள் கழிந்தபொழுது, அதுவரை சிறைப்பட்டிருந்த ஒளி தடையின்றிச் செல்லத் தொடங்கிற்று. அவ்வொளியே பிரபஞ்ச விரிவினால் அலை நீண்டு, வெம்மை குன்றி, இன்று நுண்ணலையாய் நம் உலகை வந்தடைகின்றது. இதனினும் பழைய ஒளி எங்கணும் இல்லை.

இத்தொல்லொளியைப் படிப்பதற்கு மனிதன் மூன்று பொருள்களை ஒன்று சேர்க்க வேண்டியதாயிற்று. ஒன்று, நுண்ணிய வெப்பத்தை அளக்கும் மானி. இரண்டாவது, கடுங்குளிரில் தன் இயல்பு மாறும் உலோகம். மூன்றாவது, வளிமண்டலத்தின் மேலெல்லைக்கு ஏறும் பலூன். இம்மூன்றும் வெவ்வேறு காலங்களில், வெவ்வேறு நோக்கங்களுக்காகத் தோன்றியவை. அவை ஒன்றையொன்று சந்திப்பதற்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் சென்றது.

முதலிலே வெப்பமானியின் கதை. அமெரிக்க வானியலறிஞர் சாமுவேல் லாங்லி என்பவர் 1880ஆம் ஆண்டளவில் பொலோமீற்றர் என்னும் கருவியை ஆக்கினார். கரி பூசிய மெல்லிய உலோகக் கீற்றொன்றின்மேல் கதிர்கள் விழும். கீற்றுச் சிறிது சூடேறும். சூடேறவே அதன் மின்றடை சிறிது மாறும். அம்மாற்றத்தை, கதிர் படாத மற்றொரு கீற்றின் தடையோடு ஒப்பிட்டு அளந்தால் விழுந்த வெப்பம் தெரியவரும். ஞாயிற்றின் கண்ணுக்குப் புலப்படாத செந்நிறத்திற்குக் கீழான கதிர்களை லாங்லி இவ்வாறே அளந்தார். எளிய தத்துவம், எனினும் அதன் வெற்றி ஒன்றையே சார்ந்தது. வெப்பநிலையில் நேரும் மிகச் சிறிய மாற்றத்திற்கு, தடையில் எவ்வளவு பெரிய மாற்றம் நேரும் என்பதே அது. அறையின் வெப்பநிலையில் உள்ள உலோகத்தில் அம்மாற்றம் மிகச் சிறிதாகவே இருந்தது.

இரண்டாவது கதை ஒல்லாந்து தேசத்து லெய்டன் நகரில் நிகழ்ந்தது. அங்கு ஹைக்க கமர்லிங் ஒன்னஸ் என்னும் பேராசிரியர் 1908ஆம் ஆண்டு யூலை மாதம் 10ஆம் நாள் ஈலியம் வாயுவை முதன்முதலாகத் திரவமாக்கினார். தனிப்பூச்சியத்திற்கு மேல் 4.2 பாகையிற் கொதிக்கும் அத்திரவம், அதுகாறும் எவரும் எட்டாத குளிரை ஆய்வாளர் கையில் அளித்தது. அக்குளிரில் உலோகங்களின் மின்றடை யாதாகும் என்று அவர் ஆராய்ந்தார். 1911ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில், தூய இரசத்தின் தடை 4.2 பாகையளவில் திடீரென மறைந்து போயிற்று. படிப்படியாய்க் குறையவில்லை, மலைச்சரிவின் விளிம்பிலிருந்து கல் விழுவதுபோல ஒரேயடியாக வீழ்ந்தது. மீக்கடத்தல் என இன்று வழங்கும் இயல்பு இதுவேயாம். 1913ஆம் ஆண்டு ஒன்னசுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

லாங்லி தேடிய பெருமாற்றம் லெய்டன் நகரத்து இரசத்தில் இருந்தது. தடை முழுமையாய் உள்ள நிலைக்கும் சிறிதுமில்லாத நிலைக்கும் இடையே உள்ள வெப்பநிலை வேறுபாடு பாகையின் ஆயிரத்திற் சில பங்குகளே. அவ்விடைநிலையில், அச்செங்குத்துச் சரிவின் நடுவே, ஒரு மீக்கடத்தியை நிறுத்தி வைத்தால் மிகச் சிறிய வெம்மையும் அதன் தடையைப் பெரிதும் மாற்றிவிடும். அதனினும் கூரிய வெப்பமானி வேறொன்று உண்டோ?

அமெரிக்காவில் போல்ற்றிமோர் நகரத்து ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் டொனால்ட் அன்றூஸ் என்னும் இரசாயனப் பேராசிரியர் 1940களின் தொடக்கத்தில் இதனைச் செய்து காட்டினார். தந்தலம் என்னும் உலோகத்தின் மெல்லிய கம்பியை 3.2 பாகையளவில் மாறுநிலையில் நிறுத்தி, அதன்மேல் வெப்பக்கதிர்களை வீழ்த்தி, அவற்றை அளந்தார். பின்னர் நயோபியம் நைத்திரைட்டு என்னும் சேர்வையைக் கொண்டு இக்கருவியைத் திருத்தியமைத்தார். 1946ஆம் ஆண்டில் அவரும் கிளார்க் என்னும் உடனாய்வாளரும் ஒரு விந்தையை அறிவித்தனர்: இம்மீக்கடத்திக் கீற்று, வானொலி அலையின்மேல் ஏற்றப்பட்ட ஒலிச்சைகையையும் பிரித்தெடுக்க வல்லது என்பதே அது. வானத்தின் வெம்மையை அளக்க இருந்த கருவி, தன் இளமையில் வானொலியையும் கேட்டது எனலாம். 1949ஆம் ஆண்டில் ஒற்றை அல்பாத் துணிக்கையின் மோதலையும் அக்குழுவினர் இதனாற் கண்டறிந்தனர்.

இத்துணைச் சிறப்புடைய கருவி ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் பெருவழக்கிற்கு வராது போயிற்று. காரணங்கள் இரண்டு. சரிவு செங்குத்தாய் இருந்தமையால் அதன் நடுவில் நிற்பது கடினமாயிற்று. சுற்றியுள்ள குளிர் சிறிது தளர்ந்தால் மீக்கடத்தி மேலே ஏறிவிடும். சிறிது கூடினால் கீழே வீழ்ந்துவிடும். இரண்டிடத்தும் அது குருடாகிவிடும். மேலும், மாறாத மின்னோட்டத்தைச் செலுத்தும் பழைய முறையில், தடை கூடக்கூட மின்னால் உண்டாகும் வெப்பமும் கூடிற்று. வெப்பம் கூடவே தடை மேலும் கூடிற்று. கருவி தன்னைத்தானே விளிம்பிலிருந்து தள்ளிக்கொண்டது. இஃது ஒரு காரணம். மற்றையது, இக்கருவியின் தடை மிகச் சிறிது. அக்காலத்து விரியலாக்கிகள் பெருந்தடையுடைய பொருள்களின் சைகையைப் பெருக்குதற்கே ஏற்றவை. இதன் மெல்லிய குரல் அவற்றின் சொந்த இரைச்சலில் அமிழ்ந்து போயிற்று.

இந்நிலையிலேதான் அளக்க வேண்டிய பொருள் தானே வந்து தோன்றிற்று. தொல்வெம்மையின் எச்சம் சில பாகை வெப்பநிலையுடன் இன்றும் இருத்தல் வேண்டும் என்று ரால்ஃப் அல்பர், ரொபர்ட் ஹேர்மன் ஆகியோர் 1948ஆம் ஆண்டிற் கணித்திருந்தனர். அதனைப் பெரும்பாலோர் மறந்திருந்தனர். நியூ ஜேர்சி மாநிலத்து ஹொல்ம்டெல் என்னுமிடத்தில், பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த ஆனோ பென்சியாஸ், ரொபர்ட் வில்சன் என்னும் இருவர், செய்மதித் தொடர்புக்காக அமைக்கப்பட்ட கொம்பு வடிவமான பேரலைவாங்கி ஒன்றைக்கொண்டு வானை ஆராய்ந்தனர். எத்திசையில் திருப்பினும் விலகாத ஓர் இரைச்சல் அவர்களை வருத்திற்று. அலைவாங்கியிற் கூடு கட்டியிருந்த புறாக்களை அகற்றினர், எச்சத்தைத் துடைத்தனர், இரைச்சல் அகலவில்லை. திரவ ஈலியத்தாற் குளிராக்கிய ஒப்பீட்டுப் பொருளோடு வைத்து அளந்தபொழுது, அவ்விரைச்சல் 3.5 பாகையளவான வெம்மைக்கு ஒப்பாயிருந்தது. 1965ஆம் ஆண்டில், அயலிலுள்ள பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்து ரொபர்ட் டிக் முதலானோர் அதன் பொருளை விளக்கினர். கண்டறிந்த இருவரும் 1978ஆம் ஆண்டில் நோபல் பரிசில் பங்கு பெற்றனர்.

கண்டறிந்தது ஓர் அலைநீளத்தில் மட்டுமே. அது மெய்யாகவே ஆதி வெம்மைதானா என்பதை நிறுவ வேண்டுமாயின், அதன் ஒளி மிகுந்து நிற்கும் ஒன்று இரண்டு மில்லிமீற்றர் அலைநீளங்களிலும், அவற்றினும் குறுகியவற்றிலும் அளந்தறிதல் வேண்டும். ஈண்டு நிலமே பகையாயிற்று. வளிமண்டலத்து நீராவியும் ஒட்சிசனும் அவ்வலைகளை உறிஞ்சும். உறிஞ்சுவதோடு நில்லாது தாமும் அவ்வலைகளிலேயே கதிர்வீசும். பாகையின் சிறு பங்கை அளக்க முயல்வோனுக்கு, அவனுடைய தலைக்கு மேலே 200 பாகைக்கு மேற்பட்ட வெம்மையுடைய ஒரு கூரை வேய்ந்தாற் போன்ற நிலை அது.

ஆதலின் அறிஞர் பலூனை நாடினர். 1912ஆம் ஆண்டில் விக்டர் ஹெஸ் பலூனில் ஏறிப் பிரபஞ்சக் கதிர்களைக் கண்டறிந்த காலந்தொட்டு, பலூன் விஞ்ஞானத்தின் ஊர்தியாய் இருந்து வந்தது. ஆளில்லாத பெரும் பலூன்கள் ஏறத்தாழ 35 கிலோமீற்றர் உயரத்திற்குச் செல்லும். அங்கே வளிமண்டலத்தின் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவானதே மேலே எஞ்சும். நீராவி இல்லையென்றே கூறலாம். செய்மதியின் செலவோடு ஒப்பிடுமிடத்து பலூனின் செலவு சிறிது. ஆயின் அதன் பயணம் குறுகியது. பல ஆண்டு உழைப்பு முழுவதும் ஓரிரவின் காற்றையே நம்பி நிற்கும்.

1970களின் தொடக்கத்தில் மாசச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்து ரெய்னர் வைஸ், டேர்க் முல்னர் ஆகியோர் பலூனிற் கருவிகளை ஏற்றி இக்கதிர்வீச்சை அளக்க முயன்றனர். கலிபோர்னியாவில் பேர்க்லிப் பல்கலைக்கழகத்துப் போல் றிச்சர்ட்ஸ் என்னும் பேராசிரியரின் மாணவர்களும் அவ்வாறே ஒரு நிறமாலைக் கருவியை ஆக்கினர். அம்மாணவருள் ஒருவர் ஜோன் மேதர். 1973ஆம் ஆண்டில் அக்கருவி பலூனிற் சென்று ஒன்றுக்கு மேற்பட்ட பழுதுகளால் யாதும் அளக்காது திரும்பிற்று. திருத்தியபின் 1974ஆம் ஆண்டிற் சென்று வெற்றியுடன் மீண்டது. தோல்வியிற் கற்ற மேதர் அதன் பின்னர்ச் செய்மதியொன்றைத் திட்டமிட்டார். கோபி என்னும் அச்செய்மதி 1989ஆம் ஆண்டில் ஏவப்பட்டு, ஆதி வெம்மையின் நிறமாலையை ஐயத்திற்கு இடமின்றி அளந்தது. 1992ஆம் ஆண்டில், ஜோர்ஜ் ஸ்மூட் தலைமையிலான குழுவினர், அவ்வெம்மையில் திசைக்குத் திசை இலட்சத்தில் ஒரு பங்களவான ஏற்றத்தாழ்வுகள் இருத்தலையும் அச்செய்மதியாற் கண்டனர். மேதரும் ஸ்மூட்டும் 2006ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றனர்.

பேர்க்லியில் மீக்கடத்திப் பொலோமீற்றரை மீண்டும் உயிர்ப்பிக்கும் முயற்சியும் நடைபெற்றது. றிச்சர்ட்சும், பிற்காலத்தில், 2025ஆம் ஆண்டில், வேறொரு மீக்கடத்தி ஆய்வுக்காக நோபல் பரிசில் பங்கு பெற்ற ஜோன் கிளார்க்கும், உடனாய்வாளர் இருவரும், அலுமினியப் படலத்தாலான பொலோமீற்றர் ஒன்றை 1977ஆம் ஆண்டில் விவரித்தனர். எனினும் அக்காலத்துப் பலூன்களில் ஏறியது மீக்கடத்தியன்று; ஜேர்மானியம் என்னும் குறைகடத்தியே. அதன் சரிவு மென்மையானது. நிறுத்தி வைப்பது எளிது. விரியலாக்கிகளோடும் இணங்கிப் போகும். கூர்மை மிக்கதைவிட நம்பத்தக்கதே பயணத்திற்கு உகந்தது என்று ஆய்வாளர் கருதினர். அக்கருத்து அன்றைக்குப் பிழையாகவில்லை.

ஜேர்மானியக் கருவிகளின் மேன்மை 1998ஆம் ஆண்டில் விளங்கிற்று. அவ்வாண்டு டிசம்பர் 29ஆம் நாள், அந்தாட்டிக்காவின் மக்மேர்டோ தளத்திற்கு அண்மையிலிருந்து பூமராங் என்னும் தொலைகாட்டி பலூனில் ஏறிற்று. தென்முனைக் கோடையில் ஞாயிறு மறைவதில்லை. மேல்வளியின் காற்றோ முனையைச் சுற்றி வட்டமிடும். ஆதலின் பலூன் பத்து நாள்களுக்கு மேல் பறந்து, ஏறிய இடத்திற்கு அண்மையிலேயே வந்து இறங்கிற்று. பெயருக்கேற்ற பயணம். சிலந்திவலை போன்ற மெல்லிய பின்னலில் அமைந்த அதன் உணர்கருவிகள் தனிப்பூச்சியத்திற்கு மேல் 0.28 பாகையிற் குளிர்ந்திருந்தன. கலிபோர்னியாத் தொழினுட்ப நிறுவகத்து அன்றூ லாங்கும் உரோமைப் பல்கலைக்கழகத்துப் பாவ்லோ டி பேர்னார்டிசும் தலைமை தாங்கிய அக்குழுவினர், தம் முடிபுகளை 2000ஆம் ஆண்டு ஏப்பிரலில் வெளியிட்டனர். ஆதி வெம்மையின் ஏற்றத்தாழ்வுகள் வானிலே ஏறத்தாழ ஒரு பாகைக் கோண அளவில் மிகுந்து தோன்றின. பிரபஞ்ச வெளி வளைந்ததன்று, தட்டையானது என்பதற்கு அது வலுவான சான்றாயிற்று. மக்சிமா என்னும் மற்றொரு பலூன் ஆய்வும் அதே காலத்தில் அதற்கு ஆதரவளித்தது.

ஆயினும் அவ்வெற்றியே ஓர் எல்லையையும் காட்டிற்று. இத்தகைய கருவிகள், வந்து விழும் ஒளியின் இயற்கையான ஏற்றத்தாழ்வையே உணருமளவிற்குக் கூர்மை பெற்றுவிட்டன. ஒரு கருவியை மேலும் கூராக்குவதாற் பெரும்பயன் இல்லை; கருவிகளின் தொகையைப் பெருக்குவதே வழி. மழைநீரை விரைந்து சேர்க்க விரும்புவோன் பானையைத் துலக்கிக்கொண்டிருப்பதாற் பயனில்லை. பல பானைகளை வைத்தல் வேண்டும். பூமராங் கொண்டுசென்ற உணர்கருவிகள் பதினாறளவே. அவை தனித்தனியே கையாற் கூட்டியமைத்தவை. ஒவ்வொன்றிற்கும் தனித்தனிக் கம்பிகள். ஆயிரம் கருவிகளுக்கு ஆயிரக்கணக்கான கம்பிகளை இணைத்தால், அக்கம்பிகளின் வழியே வெளிவெப்பம் உள்ளே புகுந்து குளிர் அனைத்தையும் குலைத்துவிடும்.

இவ்விடத்திலேதான் கைவிடப்பட்ட மீக்கடத்தி மீண்டும் நினைவுக்கு வந்தது. 1962ஆம் ஆண்டில் பிரயன் ஜோசப்சன் என்னும் இளைஞர் இரு மீக்கடத்திகளுக்கிடையே உள்ள மெல்லிய தடுப்பினூடாக மின்னோட்டம் தடையின்றிச் செல்லும் என்று கணித்தார். அதன் பயனாக 1964ஆம் ஆண்டில் ஸ்குவிட் என்னும் கருவி பிறந்தது. அதுவும் மீக்கடத்தியால் ஆனதே. மிகமிக நுண்ணிய காந்தப் புலத்தையும், ஆதலால் மிகமிக நுண்ணிய மின்னோட்டத்தையும் அஃது அளக்கும். சிறு தடையுடைய கருவிக்கு மிகவும் ஏற்றது. அன்றூசின் கருவிக்கு அன்று கிடைக்காத செவி இதுவே.

எஞ்சிய இடர், விளிம்பில் நிலைத்து நிற்பது. 1995ஆம் ஆண்டில் கென்ற் ஏர்வின் என்பவர் அதற்கு வழி கண்டார். மாறாத மின்னோட்டத்தைச் செலுத்துவதை விடுத்து, மாறாத மின்னழுத்தத்தை இடுவதே அவ்வழி. அப்பொழுது நிகழ்வது முன்னையதற்கு நேர்மாறாகும். கதிர் விழுந்து மீக்கடத்தி சூடேறினால் தடை கூடும். தடை கூடினால் ஓட்டம் குறையும். ஓட்டம் குறைந்தால் மின்னால் உண்டாகும் வெப்பம் குறையும். ஆதலின் கருவி தானே குளிர்ந்து பழைய இடத்திற்கு மீளும். முன்னர்த் தள்ளிவிட்ட விசையே இப்பொழுது தாங்கிப் பிடிக்கும் விசையாயிற்று. ஓட்டத்தில் நேரும் குறைவை ஸ்குவிட் அளந்துவிடும். அக்குறைவே விழுந்த கதிரின் அளவு. இத்துணை எளிய மாற்றம், ஐம்பதாண்டுத் தடையை நீக்கிற்று.

மேலும், இக்கருவிகளை மெல்லிய படலங்களாகச் சிலிக்கன் தகட்டின்மேல் நூற்றுக்கணக்கில் ஒரே முறையில் அச்சிட்டாற்போல ஆக்கலாம். பல கருவிகளின் சைகைகளை ஒரே கம்பியில் அடுத்தடுத்தோ, வெவ்வேறு மீடிறன்களில் ஏற்றியோ வெளிக்கொணரலாம். ஒரே வானில் பல நிலையங்கள் வெவ்வேறு அலைவரிசைகளில் ஒலிபரப்ப, ஒரே பெட்டி அவற்றைப் பிரித்துக் கேட்பதை ஒத்தது இரண்டாவது முறை.

பலூனில் இக்கருவிகளைப் பேரணியாக முதலில் ஏற்றியது ஈபெக்ஸ் என்னும் ஆய்வு. மினசோட்டாப் பல்கலைக்கழகத்துச் சோல் ஹனனி தலைமையில் ஆக்கப்பட்ட அது, 2009ஆம் ஆண்டு யூன் மாதத்தில் நியூ மெக்சிக்கோ மாநிலத்து ஃபோர்ட் சம்னரிலிருந்து சோதனைக்காகப் பறந்தது. 2012ஆம் ஆண்டு டிசம்பர் இறுதியில் ஏறத்தாழ ஆயிரம் மீக்கடத்திக் கருவிகளுடன் அந்தாட்டிக்காவிலே ஏறிற்று. ஒரு சோடிக் கம்பியிற் பதினாறு கருவிகளின் சைகைகள் சென்றன. கருவிகள் நன்கு இயங்கின. ஆயின் தொலைகாட்டியைக் கிடையாகத் திருப்பும் பொறியின் மின்கட்டுப்பாட்டுப் பகுதி அளவுமீறிச் சூடாகிச் செயலற்றது. தெரிந்தெடுத்த வானத்துண்டையே திரும்பத் திரும்ப நோக்க வேண்டிய தொலைகாட்டி, காற்றின் போக்கிற் சுழன்று அகன்ற ஒரு பரப்பை மேலோட்டமாகப் பார்த்தது. ஈலியம் தீரும்வரை 11 நாள்கள் அவ்வாறு கழிந்தன. கடுங்குளிரை ஆண்ட கருவி, மேல்வளியிற் சூட்டால் இடருற்றது. எனினும் இவ்வகைப் பேரணி பலூனில் இயங்கும் என்பதை ஈபெக்ஸ் நிறுவிற்று.

இத்துணை உழைப்பும் எதன்பொருட்டு? பிரபஞ்சம் தன் முதற் கணத்திலேயே, நொடியின் நினைத்தற்கரிய சிறு பங்கில், அளவிறந்து வீங்கிற்று என்பது ஒரு கொள்கை. அது மெய்யாயின் அவ்வீக்கம் ஈர்ப்பலைகளை எழுப்பியிருக்கும். அவ்வலைகள் தொல்லொளியின் முனைவாக்கத்தில் சுழிபோன்ற ஒரு கோலத்தைப் பதித்திருக்கும். அக்கோலத்தைக் கண்டால் தொடக்கத்தின் கையெழுத்தைக் கண்டவாறாம். ஆனால் அது வெப்பநிலை ஏற்றத்தாழ்வுகளினும் பன்மடங்கு மெலிந்தது.

2014ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் அதனைக் கண்டுவிட்டதாக உலகெங்கும் செய்தி பரவிற்று. தென்முனையில், நிலத்தின்மேல் நிறுவிய பைசெப் 2 என்னும் தொலைகாட்டி 512 மீக்கடத்திக் கருவிகளைக்கொண்டு சுழிக்கோலத்தை மெய்யாகவே அளந்திருந்தது. ஆயின் அது நோக்கியது ஒரே மீடிறனில். ஐரோப்பியச் செய்மதியாகிய பிளாங்க் பல மீடிறன்களில் எடுத்த அளவைகளோடு ஒப்பிட்டபொழுது, அச்சைகையின் பெரும்பகுதி நம் பால்வழியிலுள்ள தூசியினின்று எழுந்ததாய் இருக்கக்கூடும் என்று 2015ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் தெளிவாயிற்று. கருவி பிழை செய்யவில்லை. கண்டதன் பொருளே வேறாயிற்று. ஆதியின் சுவடென எண்ணியது வாசலிற் படிந்த புழுதி. இரு குழுவினரும் தம் அளவைகளை ஒன்றாய் வைத்து ஆராய்ந்து இம்முடிபை வெளியிட்டமை விஞ்ஞான நேர்மைக்கு ஒரு சான்று.

தூசி உயர் மீடிறன்களில் மிக்கு ஒளிரும். தொல்லொளி அங்கே மங்கும். ஆதலின் பல மீடிறன்களில் நோக்கினாலன்றி இரண்டையும் பிரித்தறிய இயலாது. உயர் மீடிறன்களிலோ வளிமண்டலத்தின் இடையூறு மிகுதி. பலூனின் தேவை இதனால் மேலும் உறுதியாயிற்று.

2015ஆம் ஆண்டு ஜனவரி முதலாம் நாள், மக்மேர்டோவுக்கு அண்மையிலிருந்து ஸ்பைடர் என்னும் பேராய்வு வானேறிற்று. ஆறு தொலைகாட்டிகளை ஏறத்தாழ 1,300 இலீற்றர் திரவ ஈலியம் கொண்ட ஒரே குளிர்க்கலம் சூழ்ந்திருந்தது. 2,000க்கு மேற்பட்ட மீக்கடத்திக் கருவிகள் தனிப்பூச்சியத்திற்கு மேல் 0.3 பாகையளவில் வைக்கப்பட்டன. ஒவ்வொன்றிலும் இரு உலோகங்கள் தொடராய் அமைந்தன. தைத்தானியம் மேல்வானத்தின் மெல்லொளியை அளப்பதற்கு. அலுமினியம் நிலத்தின் வெம்மை மிக்க ஆய்வுகூடத்திற் சோதிப்பதற்கு. பறக்கையில் ஒவ்வொரு கருவியின்மேலும் விழுந்த ஒளியின் வலு, ஒரு வாற்றின் இலட்சங் கோடியில் ஒரு பங்குக்கும் குறைவு. அத்தகைய இருளை நிலத்தில் ஆக்குவது எளிதன்று. ஆதலினாலேயே இரண்டாம் உலோகம் வேண்டப்பட்டது.

ஏறத்தாழ பதினாறு நாள்கள் பறந்து, மேற்கு அந்தாட்டிக்காவின் தனித்த பனிவெளியில் ஸ்பைடர் இறங்கிற்று. அதன் அளவைகள் முழுவதும், தொலைவிற்கு அனுப்ப இயலாத பெருந்தொகையாய், கருவியோடிருந்த தட்டுகளிலேயே பதிந்திருந்தன. தென்முனைக் கோடை முடிவுற்றுக்கொண்டிருந்தது. பல ஆண்டு உழைப்பு பனியிற் கிடந்தது. பிரித்தானிய அந்தாட்டிக்க ஆய்வகத்தார் சிறு விமானத்திற் சென்று, பெப்ரவரி மாதத்தில் அத்தட்டுகளை மீட்டுக் கொணர்ந்தனர். பெருங்கருவியின் உறுப்புகள் ஒரு குளிர்காலம் முழுவதும் பனியிலே காத்திருந்து, அவ்வாண்டு நவம்பரிலேயே மீட்கப்பட்டன.

அத்தட்டுகளைப் படித்து முடிப்பதற்குச் சில ஆண்டுகள் சென்றன. ஸ்பைடர் வானத்தின் ஏறத்தாழ நூற்றில் ஐந்து பங்கை நோக்கி எய்திய முடிபு, ஈர்ப்பலைகளின் வலிமையைக் குறிக்கும் விகிதம் 0.11க்கு மேற்படாது என்பது. 2014ஆம் ஆண்டில் உலகம் நம்பிய அளவோ 0.2. தென்முனை நிலத்துத் தொலைகாட்டிகள் 2021ஆம் ஆண்டில் அவ்வெல்லையை 0.036க்கு இறக்கின. சுழிக்கோலம் அகப்படவில்லை, ஆயின் அஃது எங்கே இல்லை என்பது தெளிவாகி வருகின்றது. 2022ஆம் ஆண்டு டிசம்பரில் ஸ்பைடர் இரண்டாம் முறை ஏறிற்று. இம்முறை தூசியையே குறிவைத்து 280 கிகாஹேட்ஸ் என்னும் உயர் மீடிறனில் நோக்கும் தொலைகாட்டிகளும் அதனுடன் சென்றன. அதற்கு முன்னரே, 2018ஆம் ஆண்டு யூலையில், வடமுனைக்கு அண்மையிலுள்ள ஸ்வால்பார்ட் தீவிலிருந்து ஒலிம்போ என்னும் இத்தாலிய பலூன், வேறொரு வகையான மீக்கடத்திக் கருவிகளை மேலே கொண்டு சென்றது. கதிர் விழுங்கால் மீக்கடத்தியிற் சோடி சேர்ந்துள்ள இலத்திரன்கள் பிரியும். அதனால் நேரும் மீடிறன் மாற்றத்தை அளப்பது அவ்வகை.

இவ்வரலாற்றில் ஒரு செய்தி உய்த்துணரற்பாலது. லெய்டன் நகரில் இரசத்தின் தடை மறைந்ததைக் கண்டவர் பிரபஞ்சத்தின் தொடக்கத்தை எண்ணவில்லை. தந்தலக் கம்பியை விளிம்பில் நிறுத்திய அன்றூஸ் தம் கருவி ஒருநாள் பனிக்கண்டத்தின்மேல் பறக்கும் என்று அறியார். ஒருவர் கண்டது மற்றொருவர் கையிற் சேரும்வரை தேங்கிக் கிடந்தது. சேர்ந்தபின் பயன் தந்தது. முதற் கணத்தின் சுவடு நாளை கிடைக்கலாம், கிடையாமலும் போகலாம். கிடையாவிடின் அவ்வீக்கக் கொள்கையின் பல வடிவங்கள் கைவிடப்படும். கிடைப்பின் மனிதன் அறிந்தவற்றுள் மிகப் பழைய செய்தி அதுவாகும். இரண்டிலொன்றை உரைக்க வல்ல சாட்சி, தனிப்பூச்சியத்தின் அருகே, தடை உள்ளதற்கும் இல்லாததற்கும் இடைப்பட்ட விளிம்பில் நிற்கும் அச்சிறு உலோகப் படலமே.